ஆடுகள் மூன்றல்ல, இரண்டு

ஒருவருடைய பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன், மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அப்புறம்தான். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எமனே வந்து நின்னாலும் லிஸ்ட்டைக் காட்டுங்க, இனிஷியல் சரியா இருக்கானு பாத்துட்டு வரேம்பீங்க" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அதனால், மேடம், நீங்கள் எழுதும்போது நான் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தாளின் மேலே தேதி போடவில்லை நீங்கள். தேதி இல்லாத வாக்குமூலம் எதற்கும் உதவாது. இன்று புதன்கிழமை. போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவருடைய அலுவலகத்தில் எனக்கு வருத்தக் கடிதப் பிரிவு. பிரிவு என்றால் ஏதோ பெரிய ஹால் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது மாடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கிரீச் கிரீச்சென்று சுற்றும் ஒரு மின்விசிறி, நான். மலைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் ஆட்களைத் தேடி நம்முடைய ட்ரோன் போகிறது அல்லவா, போன இடத்தில் தேடிப் போன ஆள் மட்டும் இருந்தால் எனக்கு வேலை இல்லை. அந்த வீட்டில் வேறு ஆட்களும் இருந்துவிட்டால், மிச்சமிருக்கும் சொந்தக்காரருக்குத் தலைவர் கையெழுத்தில் ஒரு கடிதம் போகும். அதை நான் எழுதுவேன். பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடப் பெயர்ப் பிழை கிடையாது.

நீங்கள் அந்த இருநூற்றுப் பதினேழைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நியாயம்தான், அவை சரியான கடிதங்கள். இருநூற்றுப் பதினெட்டாவதைப் பற்றித்தான் இந்த விசாரணை. சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் வேலை முறை தெரிந்தால்தான் உங்களுக்கு இது பிடிபடும். தலைவர் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார். ரப்பர் ஸ்டாம்ப் ஆகாது, பச்சை மை, தன் கையாலேயே போடுவார். ட்ரோன் போவதோ வியாழக்கிழமை. வியாழக்கிழமை நடப்பதற்கு அடுத்த செவ்வாய் வரை கையெழுத்துக்குக் காத்திருந்தால், கடிதம் போய்ச் சேரும்போது அங்கே அழுது முடித்திருப்பார்கள். ஒரு பத்திரிகைக்காரன் இதைக் கேலிப்படமாகவே போட்டுவிட்டான். ஆமை முதுகில் கடிதம். தலைவருக்கு அவமானமாகிவிட்டது. அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். திங்கட்கிழமை பட்டியல் வந்ததும் வியாழக்கிழமைக்கான கடிதங்களை முன்கூட்டியே எழுதிவிடுவது, செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்கி, நீலத் தட்டில் வைத்துவிடுவது. வேலை முடிந்ததும் கீழ்த்தளத்திலிருந்து தகவல் வரும். தேவைப்படுகிற கடிதம் தபாலுக்குப் போகும், தேவைப்படாதது கிழிபடும். செயலாளர் என் முதுகில் தட்டி, "மூளைன்னா இதுதான்யா மூளை" என்றார். அந்த வருடம் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். இன்னும் ஓடுகிறது.

ஒரே ஒரு சிக்கல். தலைவர் வெற்றிடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடமாட்டார். அவ்வளவு நேர்மையான மனுஷன். யார் யார் இறந்தார்கள் என்ற விவரம் முழுதாக இருந்தால்தான் பேனாவைத் திறப்பார். ஆகவே வீட்டில் எத்தனை பேர் என்பது எனக்குத் திங்கட்கிழமையே தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் காத்தாடி இருக்கிறான். ட்ரோனை ஓட்டுகிற பையனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பையன் என்றா சொன்னேன், முப்பத்தெட்டு வயது, இடுப்புவலி, வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்காருவான். அவன் மேலிருந்து பார்த்து, கொடியில் காய்கிற துணியை எண்ணிச் சொல்லிவிடுவான். புடவை இரண்டு, சட்டை ஒன்று, சின்ன கவுன் இரண்டு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பெயரும் உறவும் ரேஷன் பட்டியலிலிருந்து வந்துவிடும்.

இப்படித்தான் அந்தப் பம்ப் மெக்கானிக்கின் வீட்டுக்குக் கடிதம் தயாரானது. அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஆளைத்தான் தேடினார்கள். மெக்கானிக் பகலெல்லாம் வேலைக்கு வெளியே போய்விடுவார், ஆகவே மிச்சமிருக்கப்போகிற சொந்தக்காரர் அவர்தான். மனைவி, மாமியார், இரண்டு பெண் குழந்தைகள், ஆடுகள் மூன்று. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். மாமியாருக்கு மட்டும் 'ஈடு இணையற்ற தாயுள்ளம்' என்று ஒரு வரி தனியாகப் போட்டேன். அன்று எனக்கு எழுத்து நன்றாக ஓடியது.

செவ்வாய்க்கிழமை தலைவர் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை தபால் பிரிவு அக்கா பத்து நாள் லீவில் கிளம்பினார். மேசையைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் லீவில் போவார், அது அவர் சுபாவம். நீலத் தட்டிலிருந்த கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டார். வந்தபிறகு கேட்டேன். "அதுக்கு நான் என்ன பண்றது? மேசையில எதையாவது குப்பை மாதிரி விட்டுட்டுப் போனா எனக்கு ஊர்ல தூக்கம் வராது" என்றார். வியாழக்கிழமையோ ஒரே பனி. ட்ரோன் எழும்பவே இல்லை. வெள்ளிக்கிழமை அந்த மாடிவீட்டு ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டான். வீடு பட்டியலிலிருந்தே கழன்றுவிட்டது. கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. எனக்கு மனப்பாடம்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. இடிந்துபோன என் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வீடு இடியவில்லை. கூரையில் ஓர் ஒழுக்கு உண்டு, அது போன மழையில் வந்தது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல. மறைந்த என் மனைவி உள்ளே பாத்திரம் கழுவுகிறாள். மறைந்த என் மாமியாருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'ஈடு இணையற்ற தாயுள்ளம்' என்ற இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேனே, நான் ஒரு நாளாவது அவரைப் பற்றி அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்கிறார். இரண்டு நாளாக வீட்டில் என் பாடு திண்டாட்டம். மற்றபடி எல்லாரும் சௌக்கியம். தவிர, எங்களிடம் ஆடுகள் மூன்றல்ல, இரண்டு."

ஆடு இரண்டுதானாம், மேடம். பதினோரு வருடத்தில் முதல் பிழை. காத்தாடியிடம் ஓடினேன். அவன் பழைய படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்து, "அண்ணே, மூணாவது ஆடு ஆடில்லண்ணே. பம்ப்செட்டு மேல போத்தின கருப்புக் கம்பளி" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

செயலாளருக்குக் கவலை வேறு மாதிரி. "ஆடு கெடக்குதுய்யா. உயிரோட இருக்கறவங்களுக்கு இரங்கல் போயிருக்கு. இது வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்" என்றார். ஊர்ச் சுவரெல்லாம் 'என் கையெழுத்து பொய் சொல்லாது' என்று தலைவர் படத்தோடு எழுதி வைத்திருந்த சமயம் அது. "தவறுதலா அனுப்பிட்டோம்னு ரெண்டு வரி எழுதிடலாமா சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவறுதலாங்கற வார்த்தை இந்த ஆபீசுல இருந்து என்னிக்காவது வெளிய போயிருக்கா?" யோசித்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினேழு கடிதத்திலும் 'எதிர்பாராத விதமாக' என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது சரி.

இரண்டு பேரும் தலைவரைப் பார்க்கப் போனோம். அவருக்குத் தலைக்குச் சாயம் பூசியிருந்தார்கள். அரைமணி நேரம் அசையக் கூடாது. கழுத்தைச் சுற்றித் துண்டு, காதில் பஞ்சு. பஞ்சை எடுத்துவிட்டுச் செயலாளர் விஷயத்தைச் சொன்னார்.

"மாமியார் வர்ற லெட்டர்தானே?" என்றார் தலைவர். "நல்லா ஞாபகம் இருக்கு. படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"ஆமாங்கய்யா. ஆனா அவங்க யாரும் சாகலைங்கய்யா."

"கையெழுத்து என்னோடதுதானே?"

"உங்களோடதுதாங்கய்யா."

"என் கையெழுத்து பொய்யாகலாமா?"

"ஆகக் கூடாதுங்கய்யா."

"அப்புறம் என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு. பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் பேச்சு. பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தோம். தலைவர் கொல்லச் சொன்னாரா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்லவில்லை. அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'பாத்துக்கோங்க' என்றார். வாசல் தாண்டியதும் செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீயே பாத்துக்கோ" என்றார். நான் பார்த்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும்போது அது இன்னும் நடக்காத விஷயம் என்று தலைவருக்குத் தெரியுமா என்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. கடிதத்தின் மேல் வெள்ளிக்கிழமைத் தேதி இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கேப்பா" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். "சரி" என்று போட்டுக் கொடுத்தார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. 'வருத்தம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'ஆழ்ந்த' என்று சேர்த்தது அவர் கைதான், பச்சை மை, பார்த்தாலே தெரியும். அது அவருடைய நல்ல மனசு. பாவம், அவரைப் போய் இதில் இழுக்காதீர்கள். ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குத்தான் எங்களை எல்லாம் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்.

அந்த வீட்டைத் திரும்பப் பட்டியலில் சேர்த்தேன். அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'கடிதப் போக்குவரத்து சம்பந்தமாக' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை பச்சை மையில் ஒப்புதல் ஆகி வந்துவிட்டது, மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமைக்கு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

காத்தாடி மட்டும் கேட்டான். "அண்ணே, இங்க அந்த ஆளு காலி பண்ணிட்டுப் போயாச்சே. கொடியில சின்ன கவுனுதான் காயுது."

"லெட்டர் போயிடுச்சுப்பா."

"ஓ, லெட்டர் போயிடுச்சா." தலையணையைச் சரி செய்துகொண்டான். "அப்ப சரி. எனக்கென்ன, நான் பட்டனைத்தான் அமுக்கறேன்."

எனக்குப் பாவமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது. மெக்கானிக் போட்ட பதிலை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினேன், அது தப்புதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த அம்மா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்" என்றாள். அப்புறம், "மரியாதையா ஒரு மனுஷன் லெட்டர் போட்டிருக்கார். பதில் போடாம கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கும் சுருக்கென்று இருந்தது. மறுநாள் முதல் வேலையாக மெக்கானிக்குக்கு ஒரு பதில் எழுதினேன். பிழைக்கு வருந்துகிறேன், சரியான விவரங்களை அனுப்பினால் திருத்திக்கொள்கிறோம் என்று.

என்ன ஒழுங்கான மனுஷர் தெரியுமா. வரிசையாக எழுதி அனுப்பினார். மனைவி பெயரில் ஓர் எழுத்து தப்பு, மூத்தவள் எட்டு வயது அல்ல, போன மாதம் ஒன்பது ஆகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி: இந்தத் திருத்தத்தைத் தாங்கள் எப்போது செய்வதாக உத்தேசம்?

கேள்வி கேட்டால் தேதி குறிப்பிட்டுப் பதில் தர வேண்டும் என்பது அலுவலக விதி, பதினான்காவது பிரிவு. 'வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தங்கள் விஷயம் முழுமையாகச் சரிசெய்யப்படும்' என்று எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் காத்தாடி பட்டனை அமுக்கினான். வீடு இடிந்தது. கடிதத்தின் முதல் பத்தி உண்மையாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகை அடங்கியதும் காத்தாடி திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டான். "அண்ணே, கொடியில ஒரு துணிகூட இல்லண்ணே. அடிக்கிறதுக்கு முன்னாடியே இல்ல. ஆடு கட்டற முளை மட்டும் நிக்குது. பம்ப்செட்டு மேல அந்தக் கம்பளியக்கூடக் காணோம்."

அடுத்த வாரம் உலகத்துப் பத்திரிகை எல்லாவற்றிலும் படம் வந்தது. நடுவில் மாமியார், கையில் தனக்கு வந்த இரங்கல் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு. இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் மருமகன், முன்னால் குழந்தைகள், ஆளுக்கு ஓர் ஆடு. எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஏதோ ஒரு நாட்டுக் கோர்ட்டில் வக்கீல்கள் கூடித் தலைவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பட்டனை அமுக்கியவன் இருக்கிறான், பட்டியல் எழுதிய நான் இருக்கிறேன், சும்மா கையெழுத்துப் போட்டவரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? அவர் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஒருவருமே போடாவிட்டால் வியாழக்கிழமை என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. என் பிரிவையே மூட வேண்டியதுதான்.

சரி, என் மேல் உள்ள குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உங்கள் தாளைத் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். வீட்டை இடித்தது அதில் இல்லை. தேதியை வெளியே சொன்னது மட்டும்தான் இருக்கிறது. அந்த நான்கு பேர் இறக்காமல் போனதற்கு நான் பொறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, காசு வாங்கவில்லை, வேண்டுமென்று செய்தேன் என்பதும் இல்லை. மரியாதைக்கு ஒரு பதில் போட்டேன், அவ்வளவுதான். ஆனாலும் பிழை பிழைதான்.

பிழையை அப்படியே விட்டுவிட்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். விசாரணை முடியும்வரை வேலையைத் தொடரலாம் என்று உங்கள் உத்தரவிலேயே இருக்கிறது. மெக்கானிக் மூன்றாவதாக ஒரு கடிதம் போட்டிருந்தார். "வீடு திருத்தப்பட்டதைப் பத்திரிகையில் பார்த்தோம், நன்றி, இனி எழுத வேண்டாம்." மூன்றே வரி. இந்தத் தடவை விலாசம் எழுதவில்லை. அவ்வளவு ஒழுங்கான மனுஷர், அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நல்லவேளையாகத் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. ஊர் தெரிந்ததும் காத்தாடி இரண்டு நாளில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். கொடியில் இரண்டு கவுன், வாசலில் இரண்டு ஆடு, திண்ணையில் ஒரு கருப்புக் கம்பளி. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கடிதத்தைப் புதிதாக எழுதினேன். எல்லாப் பெயரும் சரி, மூத்தவளுக்கு ஒன்பது வயது, ஆடுகள் இரண்டு. 'ஈடு இணையற்ற தாயுள்ளம்' என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அது பிடித்திருந்தது அல்லவா. நேற்று செவ்வாய்க்கிழமை, தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தத் தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிதம் நீலத் தட்டில் இருக்கிறது. நாளை நான் சொல்லும்வரை அதைத் தொடக்கூடாது என்று தபால் பிரிவு அக்காவிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

தேதியை இந்தத் தடவை யாருக்கும் எழுதவில்லை, மேடம். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். நாளை, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி.

என்ன, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். இதில் ஒரு பிழையும் கிடையாது.